ஓடு பிரித்த வீட்டுக்கு ஸ்டேட்டஸ் கோ

வக்கீல் வரதராஜுலு எப்போதும் லத்தீனில்தான் ஜெயிப்பார். தமிழில் ஜெயித்தால் கட்சிக்காரனுக்குப் புரிந்து தொலைக்குமே என்று அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளவில்லை.

அன்றும் கோயமுத்தூர் கோர்ட்டு வாசலில் கறுப்புக் கோட்டை உதறிக்கொண்டு, "ஸ்டேட்டஸ் கோ வாங்கிட்டேன் மருதாசலம்! ரோமாபுரிக்காரனோட வார்த்தை!" என்றார்.

மதுக்கரையில் டெம்போ ஓட்டும் மருதாசலம் கும்பிட்டார். "அப்படின்னா என்னங்க சார்?"

"இருக்கறது இருக்கறபடியே இருக்கணும். கேஸ் முடியற வரைக்கும் உங்க தம்பி ஒரு செங்கல் வைக்க முடியாது. யாரும் எதையும் தொடக் கூடாது."

"யாரும்னா... நானுங்களா?"

"ரெண்டு தரப்பும்தான். அதுதான்யா நீதி."

கும்பிட்ட கையை இறக்க மறந்து நின்றார் மருதாசலம். "சார், ஊட்டு மேல ஓடு இல்லீங்களே."

அப்பா விட்டுப்போன வீட்டில் பாதி தனக்கென்று தம்பி மயில்சாமி நடுச்சுவர் எழுப்ப வந்ததில் பிறந்த வழக்கு அது. ஆனால் மருதாசலத்துக்கு வேறோர் அவசரம் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. அதனால் ஆனிக் கடைசியில் நல்ல நாள் பார்த்து, ஒழுகுகிற ஓடுகளையெல்லாம் பிரித்து வாசலில் அடுக்கிவிட்டார். தொடங்கியாயிற்று, இனி ஆடியிலும் கான்கிரீட் போடலாம் என்பது கணக்கு. இதை வக்கீலிடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குக் கூரை இருக்கிறதா என்று கேட்க வக்கீலுக்கும் தோன்றவில்லை. அந்தக் கேள்விக்கு லத்தீன் கிடையாது போலும்.

"முன்னாடியே சொல்லியிருந்தா ஸ்டேட்டஸ் கோ ஆன்ட்டே கேட்டிருப்பேனே! முந்தி இருந்த நிலைன்னு அர்த்தம். அது இன்னும் பெரிய லத்தீன்," என்று வரதராஜுலு வருத்தப்பட்டார். "பரவால்ல, திருத்தம் கேட்டு மனு போட்டுக்கலாம்."

மனு போட்டார். ஜட்ஜ் மாற்றலாகிப் போனார். புது ஜட்ஜ் வரவில்லை. ஆடிக் காற்று மட்டும் சொன்னபடி வந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து சாரலை அள்ளிக்கொண்டு வந்து நேரே கட்டிலில் கொட்டியது. கட்டிலில் மருதாசலத்தின் மனைவி சின்னாத்தாள். அவளுக்கு மூச்சிளைப்பு. ஊரே சிமென்ட் காய்ச்சுகிற ஊர்; அவள் தலைக்கு மேலே ஒரு சட்டி கலவை போட வழியில்லை.

மருதாசலம் நீலத் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டினார். மயில்சாமி அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனான். கோர்ட்டு அவமதிப்பு என்று அவன் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது.

"கழட்டிருங்க. தார்ப்பாய் கட்டுனா அது மாற்றம்," என்றார் வரதராஜுலு. "மழை மாற்றமில்ல. அத யாரும் செய்யல."

"வாடகை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயர்றனுங்க."

"போனா சுவாதீனம் போச்சு. உங்க தம்பி உள்ள வந்து உக்காந்துக்குவார். அந்தம்மா அங்கயே படுத்திருக்கறதுதான் நம்ம கேஸுக்கே பலம்."

குடை பிடிக்கலாமா என்று கேட்டார் மருதாசலம். வக்கீல் வெகுநேரம் யோசித்து, கையில் பிடிக்கலாம், கட்டிலில் கட்டினால் அது கட்டுமானம் என்று தீர்ப்புச் சொன்னார்.

பிடித்தார். சின்னாத்தாள் இழுத்து இழுத்துச் சிரித்தாள். "ஏனுங்க, பெரிய வக்கீலா வெச்சிருக்கறீங்கள்ல? என்ற மூச்சுக்கும் அந்த ஸ்டேட்டஸ் கோவ வாங்கியாரச் சொல்லுங்க. இருக்கறபடியே இருந்துட்டுப் போவட்டும்."

"சும்மா கெட அம்மணி."

ஆடி முடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

வாசலில் கட்டிலைப் போட்டுக் கிடத்தினார்கள். தூறல் விடவில்லை. சாவு வீட்டுக்குப் பந்தல் போடுகிறவர் மூங்கிலோடு வந்து இறங்கினார். மருதாசலம் குறுக்கே போய் நின்றார்.

"வேண்டாங்க. கோர்ட்டு ஆர்டர் இருக்குது."

மயில்சாமி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அண்ணா, எங்கண்ணி நனையுதுங்ணா. பந்தலப் போடச் சொல்லுங்ணா. நா ஒண்ணுஞ் சொல்ல மாட்டனுங்ணா."

மருதாசலம் தம்பியின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த செல்போனைப் பார்த்தார்.

"நீ போட்டோ புடிச்சுக் குடுத்துப்போடுவ, சாமி."

மூங்கில் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. அடுக்கிவைத்த ஓடுகளுக்குப் பக்கத்தில் சின்னாத்தாள் கிடந்தாள். எடுக்கும்வரை மருதாசலம் அவள் தலைமாட்டில் குடையோடு நின்றார். கையில்தான் பிடித்திருந்தார், கட்டவில்லை.