நலம் சொன்னால் கிணறு

டோர்கஸ் டப்ஹோம் நலமாயிருக்கிறேன் என்று சொன்னால், அவளை விசாரித்தவர் காலடியில் கிணறு திறந்தது. ஆங்கிலத்தில் நலத்துக்கும் கிணற்றுக்கும் 'வெல்' என்று ஒரே சொல். எந்தச் சொல்லை அவள் சொன்னாலும் அதன் பொருளெல்லாம் சேர்ந்தே வந்து நின்றன. விஷக்காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து இப்படி. தங்கை மகனுக்கு பேட் கேட்டாள். கடைக்காரர் மட்டையை எடுப்பதற்குள் உத்தரத்தில் ஒரு வௌவால் தொங்கியது. மேட்ச் எப்போது என்று விசாரித்தாள். மடி நிறையத் தீக்குச்சி. ஹாக்ஸ்பி ஊரார் பார்த்தார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. பிறத்தியார் சங்கடத்தைக் கண்டால் மழையைப் பற்றிப் பேசுவதுதான் அங்கே மரியாதை.

அதே மரியாதைதான் ஊரைச் சல்லடையாக்கியது. எதிரே வருகிறவரை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காமல் போகக் கூடாது. கேட்டுவிட்டால், சாகக் கிடந்தாலும் நலம் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டார்கள், சொன்னாள். தேவாலய வாசலில் ஒரு கிணறு, தபால் நிலையத்தருகே ஒன்று. கசாப்புக்காரர் ஸ்கிரிம்ஷா காலடி மண் சரிவதைக் கண்டு ஓரமாக நகர்ந்து, "இன்னிக்குக் கொஞ்சம் ஈரக்காத்து, இல்லீங்களா?" என்றார். டோர்கஸ் வெளியே வருவதையே குறைத்துக்கொண்டாள். ரொட்டி கொண்டுவரும் ஆம்ப்ரோஸ் லேமிங்கின் மேல் அவளுக்கு ஆசை. அவனும் தவறாமல் விசாரிப்பான்; அவள் ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்துவாள். தன்னைப் பிடிக்கவில்லை போலும் என்று அவன் நினைத்தான்.

பனிமூட்டமான ஒரு காலையில் அவன் சைக்கிளோடு தபால் நிலையக் கிணற்றில் விழுந்தான். டோர்கஸ்தான் முதலில் ஓடிவந்தாள். ஊரும் பின்னாலேயே வந்தது. கீழே மார்பளவு தண்ணீர், சுற்றிலும் ரொட்டிகள் மிதந்தன. அவன் அண்ணாந்து அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"வணக்கம், மிஸ் டப்ஹோம். எப்படி இருக்கீங்க?"

அந்தச் சொல்லைச் சொன்னால் கிணற்றுக்குள் கிணறு திறக்கும், அவன் போயே போய்விடுவான். பதில் சொல்லாமல் நின்றால் ஊர் மன்னிக்காது. அவள் ஒரே பொருள் உள்ள சொற்களாகத் தேடித் தேடி எடுத்தாள்.

"முழங்கால் வலிக்குது. வியாழக்கிழமையிலருந்து தூக்கமில்ல. ஒருத்தியாவே வெங்காய சூப்பைக் குடிச்சுக் குடிச்சு வெறுத்துப்போச்சு. ரொம்பத் தனியா இருக்கேன், ஆம்ப்ரோஸ்."

இப்படி ஒரு பதிலை அந்த ஊர் கேட்டதில்லை. ஸ்கிரிம்ஷா தன் பூட்ஸையே பார்த்தார். பாதிரியாரின் மனைவி மழையில்லாமலே குடையை விரித்துக்கொண்டாள். தண்ணீர் மட்டும் அசையாமல் கிடந்தது.

"நானுந்தாங்க," என்றான் ஆம்ப்ரோஸ் கடைசியில். "கயிறு போடுங்க, மீதியை மேல வந்து பேசிக்கலாம். இங்க குளுருது."

இலையுதிர் காலத்தில் கல்யாணம் ஆயிற்று. அதற்குப் பிறகு யார் விசாரித்தாலும் டோர்கஸ் வலியையும் சலிப்பையும் உள்ளபடி சொன்னாள். கேட்டவர்கள் டீ ஆறும்வரை உட்கார்ந்து தங்களுடையதையும் சொல்லிவிட்டுப் போனார்கள். சில வருஷம் கழித்து மகள் பிறந்த காலை, எப்படி இருக்கே என்று ஆம்ப்ரோஸ் கேட்டான். நலம் என்றாள், அது உண்மையாக இருந்ததால். அவன் பழக்கமாக ஒரு அடி தள்ளி நின்றான். கட்டிலருகே கிணறு திறந்தது. கதவுக்குப் பின்னால் வருஷக்கணக்காகத் தயாராக மாட்டியிருந்த ராட்டினத்தையும் வாளியையும் எடுத்தான். குழந்தையைப் பார்க்க வந்த ஸ்கிரிம்ஷா கிணற்றைச் சுற்றிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, ஊரிலேயே இங்கேதான் டீ நன்றாக இருக்கிறது என்றார்.