நமுத்துப் போன ராடு

என் வெல்டிங் மெஷின் டிபன் டப்பா அளவுதான் இருக்கும். வீட்டு பிளக்கிலேயே ஓடும். வாங்கிய நாளிலிருந்து மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, அது ஒரே இளக்காரம். "மாப்ள, இது மெஷினா இஸ்திரிப் பெட்டியா?" என்பார்.

மனைவி வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறாள். சனிக்கிழமை காலை, கேக் ஆறவைக்கும் ஸ்டாண்டின் கால் இணைப்பில் விட்டுப்போனது. மறுநாள் பெரிய ஆர்டர். அவள் போனை எடுத்தாள்.

"அண்ணன்கிட்ட சொன்னா புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்துடுவாரு."

என் வாய் சும்மா இருக்குமா? "நான் பத்தவெச்சுத் தர்றேன்" என்றேன்.

என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். "அஞ்சு மணி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் அண்ணன்தான்."

ஸ்டாண்டின் குழாய்க் கால் தகடு மாதிரி மெல்லிசு. என்னிடம் இருந்ததோ மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வெல்டிங் ராடு. தொட்டால் ஒட்டிக்கொண்டது. கரண்டைக் கூட்டினால் ஃபியூஸ் போய், கிரீம் இருந்த ஃபிரிட்ஜும் அணைந்தது. நான் ஃபியூஸ் கட்டி முடிக்கும்வரை மனைவி கிரீமைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அடுத்து என் மூளை வேலை செய்தது. ராடின் மேல்பூச்சைச் சுரண்டி எடுத்தால் மெலிந்துவிடும் அல்லவா? மெலிந்தது. பொறி கடுகாக வெடித்து, குழாயில் ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி உட்கார்ந்தது. உருகும் இரும்பில் காற்று படாமல் காப்பதே அந்தப் பூச்சுதானாம். சட்டையைக் கழற்றிவிட்டு மழையில் நிறுத்திய கதை.

இரண்டு மில்லி ராடு தேடிக் கிளம்பினேன். முதல் கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் மூணு மில்லிதான் வாங்குறாங்க. நீங்க என்ன, ஊசிக்குக் காது வைக்கப் போறீங்களா?"

இரண்டாவது கடையில், "வெச்சிருந்தேன், யாரும் சீந்தல, திருப்பி அனுப்பிட்டேன்" என்றார்கள். மூன்றாவது கடையில் நான் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டார்கள்.

வெயிலில் நின்று யோசித்தேன். மெல்லிசு தகட்டோடு மல்லுக்கட்டுபவன் யார்? கார் சைலன்சர் ஒட்டுபவன்! விசாரித்துக்கொண்டு போனேன். சைலன்சர் கடைக்காரர் காஸ் வெல்டிங்குக்கு மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் பரண்மேல் துழாவி, அட்டை கிழிந்த ஒரு பாக்கெட் இரண்டு மில்லி ராடை நீட்டினார்.

"சும்மா எடுத்துட்டுப் போங்க. ஒழுகுற இடத்துல கெடந்தது. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

புதையல் கிடைத்தவன் மாதிரி வீட்டுக்கு ஓடிவந்தேன். பற்றவைத்தால் புஸ்ஸென்று புகைந்தது, கொப்பளித்தது, அணைந்தது. மணி மூன்றரை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் நின்றதும் மனைவி வந்தாள். ஒரு ராடை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தாள்.

"இது நமுத்துப் போயிருக்குங்க."

"ராடு என்ன பிஸ்கட்டா?"

"ஈரம் ஏறினா எல்லாம் ஒண்ணுதான்."

சூடேற்றும் கம்பிகளில் ஒன்று எரிந்துபோனதால் ஒதுக்கி வைத்திருந்த பழைய ஓவனைத் திறந்தாள். தட்டில் ராடுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, சூட்டைக் குறைத்து வைத்தாள். நடுநடுவே வந்து புரட்டிப் போட்டாள். என் பைத்தியக்காரத்தனத்துக்கு அவளும் கைகொடுப்பாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சந்தோஷம் தாங்கவில்லை.

குழாயில் இருந்த கட்டியைத் தேய்த்து எடுத்து, ஆறிய ராடால் தொட்டேன். பிடித்துக்கொண்டது! எண்ணெயில் ஏதோ பொரிவதுபோல ஒரே சீரான சத்தம். முடிந்து முகமூடியைத் தூக்கினால், ஒட்டிய தையல் கோணல்மாணல்தான். ஆனால் ஓட்டை இல்லை. ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

ஐந்து மணிக்கு முதல் கேக் ஓவனிலிருந்து வந்தது. இருப்பதிலேயே பெரியது. தரையில் உட்கார்ந்து, ஒட்டிய காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"கையை எடுங்க" என்றாள்.

"கொஞ்ச நேரம் பிடிச்சுக்கறேனே."

"விடிய விடியவா? எடுங்க. அது நிக்கும்."

எடுத்தேன். அவள் கேக்கை மேல்தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனாள். ஸ்டாண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.