டைமிங் சக்கரத்தின் சிவப்பு

தூக்குச்சட்டியோடு ஞானரத்தினம் ஷெட்டுக்குள் நுழைந்தபோது கார் இருமிக்கொண்டிருந்தது. கார்புரேட்டர் வழியாகப் பட்பட்டென்று வெடித்துவிட்டு நின்றுபோனது.

"ஏலே சிரோமணி, நீ பிரிச்சு மாட்டின பொறவுதான் இது நகர மாட்டேங்குது. நேத்து ஊத்திக்கிட்டு மாட்டினியா?" என்றார் முதலாளி சுப்புராஜ். சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கல்யாணச் சவாரி போக வேண்டிய வண்டி.

ஞானரத்தினத்தின் புருஷன் வேதசிரோமணி இன்ஜின் மூடியைத் தூக்கினான். ஈஸ்டர் அன்று கோயிலில் முழங்கால் போட்டுக் கள்ளை விட்டவன். நேற்று நேரங்கழித்து வந்து, "வேலை" என்றான். அவன் மூச்சு முகத்தில் படாதபடி அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குடித்தானா இல்லையா என்று தெரியாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. இப்போது ஊரே தெரிந்துகொள்ளப் போகிறது.

அவன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், பொறி வந்தது. பெட்ரோலும் வந்தது. பக்க மூடியைத் திறந்து, வண்டியைக் கிளப்பும் கைப்பிடியை மெல்லச் சுற்றினான். பிஸ்டன் காற்றை அழுத்தி மேலே வரும் நேரம், மூடியிருக்க வேண்டிய வால்வு திறந்தே நின்றது.

"டைமிங் தப்பியிருக்கு மொதலாளி."

முன்மூடியையும் கழற்றினான். சின்னச் சக்கரத்தில், பிரிக்கும்போது அவன் அடையாளத்துக்கு வைத்த சிவப்புப் பெயிண்டும், வால்வுகளை ஆட்டும் கேம் தண்டின் பெரிய சக்கரத்துச் சிவப்பும் நேருக்கு நேர் நின்றன.

"ரெண்டும் சரியாத்தான நிக்குது..." குரல் இறங்கிவிட்டது. தன் கைகளையே பார்த்தான். 

பெருவிரலால் பெரிய சக்கரத்தைத் தேய்த்தான். சிவப்பு விரலோடு வந்தது. முகர்ந்தான்.

"பெயிண்டு காஞ்சா விரல்ல ஒட்டாதே. இது குங்குமம்! யாரு வச்சது?"

சுப்புராஜ் தலையைச் சொறிந்தார். "ஆயுதபூஜைக்கு நீதான் வரலியே. கழட்டிக் கெடந்த சாமானையெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுத் துலக்கி, நான்தான் ஆளுக்கொரு பொட்டு வச்சேன்."

"நீங்க துலக்குனது என் அடையாளத்தை. மாலை போடாம விட்டியளே!"

எண்ணெயைத் துடைத்ததும் பெரிய சக்கரத்தில் ரெண்டு பல் தள்ளி, அவன் பெயிண்டு வைத்திருந்த இடத்தில் கம்பெனிக்காரன் குத்திய புள்ளி தெரிந்தது. அந்தப் புள்ளி சின்னச் சக்கரத்துச் சிவப்புக்கு நேரே வரும்படி கழற்றி மாட்டினான். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றியதும் வண்டி உறுமி, பிறகு ஒரே சீராக ஓடியது. சுப்புராஜ் சவாரிக்கு வேட்டி மாற்றப் போனார்.

ஞானரத்தினம் தூக்குச்சட்டியைத் திறந்தாள். பழைய டயர்மேல் உட்கார்ந்து சோற்றைப் போட்டாள்.

"நான் குடிச்சிருப்பேன்னுதான் நீயும் நெனச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா," என்றாள்.

"நானும்தாண்டி. ரெண்டு சிவப்பும் சேந்து நிக்கவும், எங்கயோ ஒரு மடக்கு குடிச்சிட்டு மறந்துட்டனோன்னு ஆகிப்போச்சு." சிரித்தான்.

அந்தப் பயத்தைத் தான் ஒருத்தியாகவே சுமக்கிறோம் என்றல்லவா இத்தனை மாதமும் நினைத்திருந்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

"மொதல்ல கையக் கழுவுங்க," என்றாள்.