லிகிதனின் கையும் ஒரு லாரி மாங்காயும்

1

இந்தக் கதையைக் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலிலிருந்து திருடினேன். முதலிலேயே ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்பார்கள். முப்பத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். ஒப்புக்கொண்ட ஒருவனுக்கும் குறைத்ததில்லை, அது வேறு.

கோயில் கதை இதுதான். சங்கன், லிகிதன் என்று அண்ணன் தம்பி. நடந்து வந்த பசியில் தம்பி, அண்ணன் தோட்டத்து மாம்பழம் ஒன்றைக் கேட்காமல் பறித்தான். அண்ணன் ராஜாவிடம் போனான். ராஜா தம்பியின் இரண்டு கைகளையும் வெட்டச் சொன்னான். ஆற்றில் முழுகி எழுந்தபோது கைகள் முளைத்திருந்தன. வடமொழியில் பாகு என்றால் கை; கை கொடுத்த ஆறு என்பதால் அதற்குப் பாகுதா என்று பெயர்.

ஒரு பழத்துக்கு இரண்டு கை! நானே இப்படிப் புளுகியதில்லை. இதை இந்தக் காலத்துக்கு இழுத்துவந்தே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் வரைவு: "புத்தலப்பட்டில் மாசிலாமணியின் தோப்பில் அவர் தம்பி ஆதிகேசவன் ஒரு லாரி மாங்காயை..."

என் மனைவி செங்கமலம் பின்னால் நின்று படித்தாள். "லாரிய ஓட்டினது யாரு, பிள்ளையாரா?"

இரண்டாம் வரைவு: "...ஒரு கூடை மாங்காயை..."

"கூடைய யாரு தூக்கிகினு வந்தது?"

மூன்றாம் வரைவு: "...ஒரு மாங்காயை..."

"ஆங், ஒத்துக்கினியா! மாங்கா பால் பட்டு வெந்த கைய முழுக்கை சட்டையில மறைச்சிகினு கதை எழுதறியே, வெக்கமா இல்ல? பேரக்கூட மாத்தல!"

[பெயரை மாற்றாதது ஒரு உத்தி என்று வாசகர் எடுத்துக்கொள்ளவும்.]

3

ஆமாம், ஆதிகேசவன் நான்தான். மாசிலாமணி என் அண்ணன். பாகம் பிரித்த நாளிலிருந்து பதினோரு வருடமாகப் பேச்சில்லை. போன வாரம் சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் திரும்பும்போது பஸ் ஜன்னலில் அவர் தோப்பு தெரிந்தது. இறங்கிவிட்டேன். ஒன்று பறித்தேன். (அமிர்தம்! தேவர்கள் கடைந்ததெல்லாம் அதன் முன்னால்... சரி, வெறும் புளிப்பு.)

யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் அண்ணனின் போன்.

"டேய், தோப்புல கை வெச்சியா?"

"இல்லண்ணா."

"சரே. ஞாயித்துக்கெழமை காணிப்பாக்கம் வா. குளத்துல முழுகிட்டு பிள்ளையாருக்கு எதிர்ல சத்தியம் பண்ணு."

பொய் எனக்குப் புதிதல்ல. நான் புளுகாத நாளில் காய்ச்சலா என்று செங்கமலம் தொட்டுப் பார்ப்பாள். ஆனால் பொய்ச் சத்தியம் செய்தவனைச் சும்மா விடாதவர் என்று பேரெடுத்த அந்தப் பிள்ளையார் சன்னதியில் அதைச் செய்துவிட்டு அண்ணன் முகத்தை எப்படிப் பார்ப்பது? உண்மையைச் சொன்னாலோ, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். பதினோரு வருடம் இனி ஆயுசுக்கும் என்றாகிவிடும்.

4

கொஞ்சம் கட்டுரை. இந்தக் கதைக்கு 'திருடாதே' என்று ஒரு பொருளை நான் ஒட்டிவைத்திருந்தேன். திருடாதே என்று சொல்ல வெட்டுப்பட்ட கை போதுமே, ஆறு எதற்கு? கை ஏன் திரும்பி வந்தது?

இந்த வரியில்தான் நாற்காலியை விட்டுத் துள்ளினேன். லிகிதன் கேட்டிருக்கலாம். அண்ணன் இல்லை என்றுவிடுவானோ என்ற பயத்தில்தான் கை கிளைக்குப் போனது. அன்றைக்கு நீட்டாமல் விட்ட இடத்தில் நீட்டத்தான் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது ஆறு!

"செங்கமலம்! கண்டுபுடிச்சிட்டேன்!"

"மெதுவா கண்டுபுடி. பக்கத்து வூட்டுல பயந்துக்கப் போறாங்க."

5

முடிவு அ: பொய்ச் சத்தியம், வானம் பிளந்து இடி... (அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அண்ணன் கட்டிக்கொண்டு அழுகிறார். (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. குளத்தில் முழுகி எழுந்தேன். படியில் அண்ணன், கையில் மஞ்சள் பை. சட்டையில்லாத என் கையில் மாங்காய்ப் பால் வெந்த தழும்பைப் பார்த்துவிட்டார்.

"பறிச்சேண்ணா. ஒண்ணுதான்."

"தெரியும்."

"இன்னொண்ணு குடுண்ணா," என்று ஈரக் கையை நீட்டினேன்.

அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

இதற்குமேல் நான் எழுதினால் அந்தப் பையிலிருந்து ஒரு லாரி மாங்காயை இறக்கிவிடுவேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம், கை நீட்டியபடியே இருக்கிறது.