மாடியில் இப்போது யாரும் இல்லை

பதினான்காம் தேதி, வியாழன். இன்று ஒரு சின்னத் தவறு: அப்பா இருமியதும் என் விரல் தானாக உதட்டுக்குப் போய்விட்டது, உஷ்... மாடியில்தான் யாருமே இல்லையே, நேற்று எதிர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்து, வழக்கில் சிக்கியிருந்த நடிகருக்கு விடுதலை, சாயங்காலமே வயர்களைச் சுருட்டிக்கொண்டு சேனல்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், பிறகு யாருக்காக இந்த உஷ்? அப்பா கவனித்துவிட்டார். "ஏம்மா, இன்னும் லைவ் போகுதா?" என்றார். "தாராளமா இருமுங்க, இனிமே ஊரு கேட்காது, நாங்க மட்டுந்தான்" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து, மூன்று பேரும் சிரித்தோம், இந்த வீட்டில் சத்தமாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

எங்கள் மொட்டை மாடி நீதிமன்ற வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது, வழக்கு தொடங்கிய வாரமே கேமராவோடு ஏறிவிட்டார்கள், ஊரே மாறிப்போனது, மளிகைக் கடைக்காரர் பேட்டி கொடுப்பதற்கென்றே தினமும் சவரம் செய்துகொண்டார், சாயங்காலம் நான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் அறையில் நிருபர்கள் படுத்துத் தூங்கினார்கள்... மாடியில் கேமரா விளக்கு எரிந்தால் கீழே மிக்ஸி ஓடக்கூடாது, குழாயைத் திறக்கக்கூடாது, சரி, அதையெல்லாம் நிறுத்தலாம், இருமலை எப்படி நிறுத்துவது? ஒரு நாள் நிருபர் தொண்டை கம்மப் பேசிக்கொண்டிருந்தபோது அப்பாவின் இருமல் நாடு முழுக்கக் கேட்டது, மறுநாள் தெருவில் எல்லோரும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார், பிறகு பையை எடுத்துக்கொண்டு, "வழக்கு முடியிற வரைக்கும் அத்தை வீட்டுல இருக்கேன்" என்று கிளம்பிவிட்டார். இருங்கப்பா என்று நான் சொன்னேனா? சொன்னதாகத்தான் ஞாபகம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோபமோ, இனி வரவே மாட்டாரோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது, இன்று காலை அவராகவே வந்து சட்டையைக் கழற்றிப் பழைய ஆணியில் மாட்டியபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

இதை எழுதும்போதும் பக்கத்து அறையில் இருமுகிறார், கேட்கவே நிம்மதியாக இருக்கிறது, அப்பா வீட்டில் இருக்கிறார்... ஆனால் முன்பும் இவ்வளவு ஆழத்திலிருந்தா வந்தது, முடிவில் இப்படி ஓர் இழுப்பு இருந்ததா, தினமும் கேட்டுக் காது மரத்துப்போயிருந்ததா, இல்லை அத்தை வீட்டில் கூடிவிட்டதா? அம்மாவைக் கேட்டேன். "அவரு எப்பவும் அப்படித்தானே" என்றாள், சொல்லிவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி, அவளும் காது கொடுத்துக் கேட்டாள்.

நாளை: காலையில் முதல் வேலையாக அப்பாவை நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.