சொந்தக்காரர் வண்டிக்கு எதற்கு மெக்கானிக்

அந்தக் குடும்பத்தில் சொந்தத்துக்குள் கார் கைமாறினால் யாரும் பானெட்டைத் திறந்து பார்ப்பதில்லை. நேரே கோயில் வாசலுக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்கப்புறம் குறை சொன்னால், சொன்னவருக்குத்தான் கெட்ட பெயர். இப்படி ஒரு வசதியான வழக்கத்தை வண்டி விற்ற எவனோதான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது அனுவின் எண்ணம்.

அனுவுக்குச் சிவகிரியில் ஆபீஸ் வேலை. மகளுக்கும் அங்கேதான் பள்ளிக்கூடம். தினமும் இரண்டு பேரும் பஸ்ஸில் நசுங்கிப் போவதைப் பார்த்துக் கார் வாங்கலாம் என்று முடிவானது. அவள் புருஷன் பாண்டியராஜனின் அண்ணன் சுடலைமணி ராயகிரியில் தன் பழைய காரை விற்கப்போவதாகச் சொன்னதும், வெளியே எதற்குத் தேட வேண்டும் என்று எல்லோருமாகக் கூடிப் பேசி நாளும் குறித்துவிட்டார்கள். ஓட்டப்போகிறவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிருவோமா?" என்று அவளாகக் கேட்டாள்.

"அண்ணன் வண்டிக்கு மெக்கானிக்கா? நல்லாருக்கே!" என்று பாண்டியராஜன் அவள் வாயை அடைத்துவிட்டான்.

குறித்த நாளில் சுடலைமணி மாலை போட்ட காரோடு வந்து இறங்கினார். மற்றவர்கள் முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டார்கள். "ஓட்டப்போறவ நீதான, நீயே ஓட்டிட்டு வா" என்று பெருந்தன்மையாகச் சாவியைக் கொடுத்து, மொடமொடவென்ற வேட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அனு தெருமுனை வரைக்கும் நல்ல பிள்ளையாக ஓட்டினாள். அங்கிருந்து ராஜபாளையம் ரோட்டில் திருப்பினாள்.

"ஏம்மா, கோயிலு அந்தப் பக்கம்லா?"

"தெரியும் அத்தான். சாமி எங்கயும் போயிறாது. மெக்கானிக் பாய்தான் கடைய அடைச்சிருவாரு."

மைதீன் பாட்சா ஒர்க்‌ஷாப் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். காரில் இருந்து இறங்கிய ஆளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "அண்ணாச்சி வண்டியா? உங்க குடும்பத்துக்குள்ள நான் எதுக்கும்மா நடுவுல?" என்று பின்வாங்கினார்.

"நீங்க நல்லது கெட்டது சொல்ல வேண்டாம் பாய். பாத்ததச் சொல்லுங்க, போதும்."

கார் மாலையோடு லிஃப்டில் ஏறியது. சுடலைமணி செல்போனை எடுத்து அதில் எதையோ தேட ஆரம்பித்தார். பாய் அடியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு வண்டியை இறக்கி, கம்ப்யூட்டரை மாட்டி வெகுநேரம் பார்த்தார். கடைசியில் அனுவைப் பார்த்து மட்டும் பேசினார்.

"முன்பக்கம் பலமா மோதிருக்கும்மா. வண்டியோட அடிச்சட்டத்த வெல்டிங் வச்சு மேல பெயின்ட் அடிச்சிருக்கு. ஏர்பேக் ரெண்டும் வெடிச்சுப் போச்சு. திரும்பப் போடல. வெறும் மூடிய ஒட்டி வச்சிருக்காவ."

"அது ஒரு சின்ன இடி" என்றார் சுடலைமணி. "ஏர்பேக் எல்லாம் ஹைவேல பறக்கிறவனுக்கு. நீ இந்தா இருக்க சிவகிரிக்குத்தான போகப்போற?"

அனு அவர் பக்கம் திரும்பினாள். "முன் சீட்ல எம்மவ உக்காருவா அத்தான். எல்லாம் தெரிஞ்சுதான குடுக்கீய?"

"பிடிக்கலன்னா விடு. எஞ் சகலை செல்லச்சாமி கோயில் வாசல்லதான் நிக்கான். பொண்டாட்டிக்கு இது எட்டாவது மாசம், அவசரமா வண்டி தேடுதான். இதே மாலையோட அவனுக்குக் குடுத்திருதேன்."

அவள் பாண்டியராஜனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கலர் நம்ம ராசிக்கு ஒத்து வரலன்னு சொல்லிரு அனு. அண்ணன் மனசு நோகாம முடிச்சுக்கிடலாம்."

"அண்ணன் மனசு நொந்தா அடுத்த பொங்கலுக்குள்ள சரியாயிரும். அந்தப் புள்ளத்தாச்சி வயிறு டேஷ்போர்டுல போய் இடிச்சா யாரு சரி பண்ணுவா?"

பாய்க்குக் கூலியையும் சுடலைமணிக்குச் சாவியையும் கொடுத்துவிட்டு ஓர் ஆட்டோவைப் பிடித்தாள். கோயில் வாசலில் சொந்தம் மொத்தமும் தாம்பாளத்தோடு காத்திருந்தது. பனவடலிசத்திரத்திலிருந்து வந்திருந்த செல்லச்சாமியும் நிறைமாதத்தை நெருங்கிய அவன் மனைவியும் ஓரமாக நின்றார்கள். பாண்டியராஜன் முந்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல, கலருதான் அனுவுக்கு..." என்று இழுத்தான்.

"கலரு நல்ல கலருதான்" என்றாள் அனு. நேரே செல்லச்சாமியிடம் போனாள். "அண்ணே, அத்தான் அந்த வண்டிய உங்களுக்குத் தாரேன்னு சொல்லுதாவ. வாங்காதீய. முன்னால இடிச்சு வெல்டிங் வச்சிருக்கு. ஏர்பேக் கிடையாது."

செல்லச்சாமியின் மனைவி தன்னையறியாமல் வயிற்றில் கை வைத்தாள். பூ கட்டிக்கொண்டிருந்தவள்கூட நிமிர்ந்து பார்த்தாள். மாலை போட்ட கார் அப்போதுதான் வந்து நின்றது. நடந்தது புரிந்து சுடலைமணி பதறிக்கொண்டு இறங்கினார்.

"ஏம்மா, ஊரே பாக்குது. மெதுவாப் பேசு."

அனு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பாண்டியராஜன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"அண்ணே, முன்னால இடிச்சு வெல்டிங் வச்ச வண்டி இது" என்று செல்லச்சாமியிடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், இந்த முறை தேரடி வரைக்கும் கேட்கும்படியாக.