கண்டக்டரம்மாவின் வசனம்

கல்யாணமான புதிதில் எங்களைப் பார்த்தவர்கள், எந்தப் புண்ணியவான் இவர்களைச் சேர்த்து வைத்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். மேசை, விளக்கு, சிவப்புப் பென்சில். நாளெல்லாம் வாய் திறக்க வேலையில்லை. அவள் பஸ் கண்டக்டர். "காபி ஆறுது, வாங்க!" என்று சமையலறையிலிருந்து அவள் கூப்பிட்டால், மாடி வீட்டுக்காரர் "இதோ வரேம்மா" என்பார்.

ஒருநாள் கடைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதித் தந்தாள். 'சோப்பு' என்பதில் 'ப்' விட்டுப்போயிருந்தது. என் கை சும்மா இருக்குமா? பென்சிலை எடுத்துத் திருத்தினேன். கீழே இன்னும் மூன்று பிழைகள். அவற்றையும் விடவில்லை.

"வீட்டுலயுமா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்தக் குரலே இல்லை. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "வீட்ல ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று விசாரித்தார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் அச்சகத்தாரின் நாடகம். முட்டி மோதிக்கொள்ளும் புதுத் தம்பதி கடைசியில் சேருகிற காமெடி. கதாநாயகன் எங்கள் பைண்டர். யாராவது வசனம் மறந்தால் பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. காலையில் கதாநாயகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாடகத்தை நடத்திய ஃபோர்மன் தலைதெறிக்க எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"உங்களுக்குத்தாம்மா கணீர்னு குரல். வசனத்தப் பத்திக் கவலப்படாதீங்க, இவர் சொல்லிக் கொடுப்பார்."

"இவரா? வாயத் திறந்தா சரிதான்," என்றாள் அவரிடம். ஆனால் வந்தாள்.

முதல் காட்சியில் பைண்டர் வாசலை மறித்து நின்றார். "படியில நிக்காதீங்க, உள்ள போங்க!" என்று அவளிடமிருந்து ஓர் அதட்டல். கொட்டகை அதிர்ந்தது.

இரண்டாம் காட்சியில் கணவன் பேப்பர் படிக்கிறான். "என்னவிட இந்தப் பேப்பர்தான் உசத்தியா?" என்று அவள் கேட்க வேண்டும். எடுத்துக் கொடுத்தேன். அவள் காதில் விழுந்தது. ஆனால் சொல்லவில்லை.

"காலையிலேருந்து ஐநூறு பேரோட பேசுறேன். ஏறுங்க, இறங்குங்க, சில்லறை குடுங்க. ஒருத்தரும் நீ எப்படிம்மா இருக்கேன்னு கேக்கல. வீட்டுக்கு வந்தா நீங்களாவது கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்க என் எழுத்துல தப்பு பாக்குறீங்க."

கொட்டகை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பைண்டர் திருதிருவென்று என் பக்கம் பார்த்தார். என் கையிலிருந்த நாடக நோட்டில் இதற்குப் பதில் இல்லை. மூடி வைத்தேன்.

"பேசணும்னுதான் நினைக்கிறேன்," என்று மெதுவாகச் சொன்னேன். பைண்டர் நெஞ்சில் கை வைத்து அதை உரக்கச் சொன்னார்.

"வாய்ல வந்தது தப்பாயிட்டா திருத்த முடியாதே. அதான் பயம்."

அதையும் சொன்னார்.

"ரெண்டு நாளா உன் சத்தம் கேக்காம வீடு வீடாவே இல்ல."

இதை அவர் தழுதழுத்துச் சொன்ன விதத்தில் முன்வரிசை விசிலடித்தது. அவள் பைண்டரைப் பார்க்கவே இல்லை. நான் நின்ற பக்கத்திரையைப் பார்த்து, "இத அப்பவே சொன்னா என்னவாம்?" என்றாள். அத்தனை தணிந்த குரல். பின்வரிசைக்காரர்கள் "சத்தமா! சத்தமா!" என்று கத்தினார்கள்.

மறுவாரம் ஃபோர்மன் அந்த வசனங்களை நோட்டில் எழுதித் தரச் சொன்னார். மறந்துபோச்சு என்றேன். பச்சைப் பொய். முப்பத்தாறு வருஷமாகியும் ஒரு வார்த்தை மறக்கவில்லை.

ஆனால் அதைவிடத் தித்திப்பாக நினைவிருப்பது, நாடகம் முடிந்து நடந்து வந்த நேரம்தான். முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருக்க, என் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் வந்தாள். நான்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அந்த வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'அன்புடன் அழைக்கிறோம்' என்பது 'வம்புடன் அழைக்கிறோம்' என்று வந்திருந்ததைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வேற?" என்றாள்.

இன்னொன்று சொன்னேன்.

"வேற?"

எங்கள் தெரு வந்தது. இருவருமே திரும்பாமல் நேராக நடந்தோம்.